குழாய்க்கும் ஒரு கேள்வி

ஆஸ்பத்திரியில் சேரும்போது, "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்பார்கள். "அப்படி ஒன்றும் இல்லை" என்போம். விஷயம் அத்தோடு முடிந்தது. படிவங்களோடு காலம் தள்ளிய குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு கேள்வி போதாது.

புராஸ்டேட், ஆஞ்சியோ, டயாலிசிஸ் என்று நம் வயதில் பலருக்கும் உடம்புக்குள் குழாய் போகிறது. சாதாரண யூரின் டியூப் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்தது. மேலே சிலிக்கோன் பூச்சு இருந்தாலும் உள்ளே ரப்பர்தான். தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, டியூப் போடத் தடவும் சில ஜெல்லிகளிலும், கழுத்தில் போடும் சில குழாய்களின் பூச்சிலும் இருக்கிறது. பல் டாக்டர் எழுதித் தரும் பல மவுத்வாஷ்களிலும் அதுதான்.

அரிதாகச் சிலருக்கு இவை ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, மூச்சுத்திணறல், பிரஷர் இறக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். அதே நேரத்தில் ஆன்டிபயாடிக்கும் மயக்க மருந்தும் ஏறியிருப்பதால் பழி அவற்றின் மேல் விழுந்துவிடும். உண்மைக் குற்றவாளி அடுத்த ஆபரேஷனுக்கும் வந்து நிற்கும்.

"போன தடவை ஒன்றும் ஆகலையே" என்ற தைரியமும் உதவாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இங்கே ஷார்ல் ரிஷே நினைவுக்கு வருகிறார். அவரும் போர்த்தியேயும் கடல் சாமந்தி என்ற உயிரினத்தின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதே மாதிரி அளவில் செத்துப்போனது. 1902-ல் இதற்கு 'அனஃபிலாக்சி' என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் சந்திப்பில் உடம்பு பகையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. சண்டை பிறகுதான்.

ஆகவே ஆஸ்பத்திரிகள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். சேர்க்கும்போதே ரப்பர் கையுறை, பலூன், பிளாஸ்திரி, மவுத்வாஷ் பற்றிக் கேட்க வேண்டும். வாழைப்பழம், பப்பாளி தின்றால் வாய் அரிக்குமா என்பதையும் கேட்கலாம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அப்படி அரிப்பதுண்டு. இரண்டாவது, எந்தக் குழாய், எந்த ஜெல்லி, எந்தக் கிருமிநாசினி என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தர வேண்டும். நேரமில்லை என்பார்கள். குழாய் உறையின் லேபிளைக் கிழித்துக் கோப்பில் ஒட்ட எத்தனை நேரம் ஆகும்? கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் அடுத்து வருபவர் எடுத்துக்கொள்வார்.

இதற்காகக் குழாயே வேண்டாம் என்று யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ரப்பர் ஆகாதவர்களுக்கு முழுச் சிலிக்கோன் குழாய் கிடைக்கிறது. முன்பு எதற்காவது அரித்தது, தடித்தது, முகம் வீங்கியது என்றால் அதை ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாம் மயக்கத்தில் இருக்கும்போது நமக்காகப் பேச அந்தச் சீட்டுதான் இருக்கும்.