முன்பணக் கணக்கு யார் கையில்?

மகாராஷ்டிரத்துக் கடைத்தெருவில் சக்லியும் நம்மூர் முறுக்கும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. வாங்குகிற நாம் விலையைக் கேட்கிறோம், பிழிந்த கை யாருடையது என்று கேட்பதில்லை. மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்துச் சிறுவர்கள் இந்த மாநிலத்திலும் வடக்கே வேறு மாநிலங்களிலும் உள்ள 'முறுக்குக் கம்பெனி'களுக்கு அழைத்து வரப்படுவதும், பிறகு அதிகாரிகளால் மீட்கப்படுவதும் பல வருடங்களாகப் பத்திரிகைகளில் வரும் செய்தி. கம்பெனி என்றவுடன் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஓர் எண்ணெய்ச் சட்டி. பையன்கள் இரவில் படுப்பதும் அங்கேயேதான்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களே சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பெற்றவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டுதானே அனுப்பினார்கள்? கடன் தீராமல் முதலாளி எப்படி விடுவான்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாங்கிய கடனைத் திருப்ப வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள். அதனாலேயே இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பணம் வாங்குவது தவறல்ல. ரயில்வேயில் இருந்த காலத்தில் நானும் பண்டிகை முன்பணம் வாங்கியிருக்கிறேன். வட்டி கிடையாது, பத்துத் தவணை. மாதாமாதம் சம்பளச் சீட்டில் பிடித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அச்சாகி வரும். பதினோராவது மாதம் பிடித்தால் கேட்க யூனியன் உண்டு. பாக்கி இருக்கிறது என்று யாரும் என்னை அறையில் வைத்துப் பூட்டியதில்லை. முறுக்குக் கம்பெனிப் பையனுக்கு இதில் எதுவும் இல்லை. கடன் எவ்வளவு, நாள் கூலி எவ்வளவு, சாப்பாட்டுக்குப் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் ஏஜெண்டின் நோட்டில் மட்டும் இருக்கும். அந்த நோட்டை அவன் பார்த்ததே இருக்காது.

முறுக்கை மட்டும் குறை சொல்வானேன்? நம் காப்பியில் போடும் சர்க்கரையும் இப்படித்தான் வருகிறது. மராத்வாடாவின் பீட் மாவட்டத்திலிருந்து வருடந்தோறும் தசரா, தீபாவளியையொட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டக் கிளம்புகின்றன. முகாதம் என்ற மேஸ்திரி முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுவான். அதற்கு 'உச்சல்' என்று பெயர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா', அதாவது ஓர் அரிவாள். இரண்டு ஆட்களை ஒரு கருவியின் பெயரால் எண்ணுகிறார்கள்! ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். பருவம் முடிந்தும் பாக்கி நின்றால் அடுத்த வருடமும் வந்தாக வேண்டும். வேலை தவறக்கூடாது என்பதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட பெண்களின் விவரம் 2019-ல் வெளிவந்தபின் மாநில அரசு விசாரணைக் குழு போட்டது. ஆலைக்காரர்களைக் கேட்டால், "நாங்கள் ஆள் வைக்கவில்லை, முகாதத்தைக் கேளுங்கள்" என்பார்கள்.

இந்தச் சாக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. டில்லி ஆசிய விளையாட்டுக்காகக் கட்டட வேலை மும்முரமாக நடந்த சமயம். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஆள் பிடித்து வந்த ஜமேதார் 1 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கொடுத்தான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். அடி உதை மட்டுமல்ல, பசியும் கட்டாயம்தான் என்பது அதன் சாரம். கடன் விஷயம் அதற்கும் முன்பே முடிந்துபோனது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதன்படி அப்படிப்பட்ட கடன் கடனே அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் தனிச் சட்டமும் இருந்தது. அதன்படி கான்ட்ராக்டர் ஒவ்வோர் ஆளுக்கும் புகைப்படத்துடன் பாஸ்புக் தர வேண்டும். கூலி, பிடித்தம் எல்லாம் தொழிலாளியின் தாய்மொழியிலும் எழுதப்பட வேண்டும். தமிழனுக்குத் தமிழில்! ஒழுங்காக நடைமுறைக்கு வராமலேயே அந்தச் சட்டம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஏஜெண்ட் இல்லாமல் தானாக வந்தவரையும் கணக்கில் சேர்த்திருப்பது நல்லதுதான். ஆனால் பாஸ்புக்கும் இடப்பெயர்ச்சிப் படியும் இல்லை. முன்பு ஐந்து வெளிமாநில ஆட்கள் இருந்தாலே சட்டம் பாயும், இப்போது பத்துப் பேர் வேண்டும். முறுக்குக் கம்பெனியில் பத்துப் பேருக்கு எங்கே போவது? பாஸ்புக்கை எடுத்தது பெரிய தவறு என்பது என் அபிப்பிராயம். நல்லவேளை, 1976 சட்டத்துக்கு ஆள் கணக்கு கிடையாது. ஒரே ஒருவன் அடிமைப்பட்டிருந்தாலும் அது செல்லும்.

நம் சங்கம் இதில் என்ன செய்ய முடியும்? சந்தேகம் வந்தால் முதலாளியிடம் போய்ச் சண்டை போடக்கூடாது. இரவோடு இரவாகப் பையன்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுவான். கலெக்டர் அலுவலகத்துக்கோ தாசில்தாருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிறுவர்கள் என்றால் 1098-க்குப் போன் செய்யலாம்.

அதைவிட முக்கியம் பாஷை. அதிகாரி மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார், முதலாளி பக்கத்திலேயே நிற்பான், பையன் தலையை ஆட்டுவான். "மாமா வீட்டுக்கு வந்திருக்கிறான்" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். அங்கே தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் பையனைத் தனியே அழைத்து, "தம்பி, ஊருக்குப் போய் எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

மீட்டபின்னும் வேலை இருக்கிறது. ரயிலேற்றி அனுப்பினால் போதாது, விடுதலைச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. முழு மறுவாழ்வுத் தொகை அதற்கும் மேல். சான்றிதழ் இல்லாமல் போனால் ஊரில் ஏஜெண்ட் பழைய நோட்டோடு வாசலில் நிற்பான்.

மொழிபெயர்த்து உதவ முன்வருகிற ஓய்வுபெற்ற தமிழர்களின் பட்டியல் ஒன்றைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் நம் சங்கம் கொடுத்து வைக்கலாம். வரும் செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளவும்.