மேடையில் பேச்சு போதும், பாட்டு எங்கே?

நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா 2020 மார்ச்சில் மறைந்தார். கைபேசியைத் தட்டினால் இன்றும் அவர் குரல் கணீரென்று கேட்கிறது. நம் இலங்கை மலையகத்தின் பாடகி மீனாட்சியம்மைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கணவர், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத்துக் கூட்டங்களில் பேசுவார், இவர் பாடுவார். இந்தியரை வெளியேற்று என்ற கூச்சல் எழுந்த காலம் அது. எழுத்தறியாத கொழுந்துக்காரிக்கும் பிடிபடும்படி, பழகிய மெட்டிலேயே உரிமையைச் சொன்னார். 1940இல் அந்தப் பாட்டுகளை நூலாகவும் போட்டார். கண்டியில் மலையக இலக்கியம் பேசினால் அவர் பெயரைச் சொல்கிறோம், கைதட்டுகிறோம், தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். பாடகியை நினைவுகூரும் லட்சணமா இது? அடுத்த கூட்டத்தில் ஓர் உரையைக் குறையுங்கள். தெல்தோட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர் பாட்டைப் பாட விடுங்கள்.