கியூஆர் கோடு மாட்டினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வருமா? புதுச்சேரி சிறு வியாபாரிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டோ, குபேர் அங்காடியோ, இப்போ எங்கே போனாலும் "ஜிபே இருக்கா?" என்ற கேள்விதான். ஆனால் 2025 ஜூலையில் கர்நாடகாவில் நடந்த சம்பவம் பல வியாபாரிகளை யோசிக்க வைத்துவிட்டது. யுபிஐ வரவை வைத்து அங்கே சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. உடனே பல கடைகளில் 'யுபிஐ இல்லை, பணம் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

சரி, புதுச்சேரியில் என்ன நிலைமை?

*20 லட்சமா, 40 லட்சமா?*

பொருள் விற்பவர்களுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு, 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். புதுச்சேரியில் அது 20 லட்சம்தான். முத்தியால்பேட்டையைத் தாண்டி கோட்டக்குப்பத்தில் கடை போட்டால் 40 லட்சம், இந்தப் பக்கம் போட்டால் 20 லட்சம்!

20 லட்சம் என்பது ஒரு நாளைக்கு சராசரியாக சுமார் 5,480 ரூபாய் விற்பனை. கவனிங்க, இது லாபம் இல்லை, மொத்த விற்பனை. ஒரு சின்ன துணிக்கடைகூட இதை எட்டிவிடலாம். காய்கறி போல வரிவிலக்கு பெற்ற பொருட்களை மட்டும் விற்பவர்களுக்குப் பதிவு தேவையில்லை.

*ஆன்லைனில் விற்கலாமா?*

விற்கலாம். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருப்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இ-காமர்ஸ் தளங்களில் பொருள் விற்க அனுமதி உண்டு. பான் கார்டு வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினால் போதும்.

ஆனால் சிக்கலே இங்கேதான். சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க முடியும். சென்னைக்காரருக்கு இது பெரிய தடை இல்லை, தமிழ்நாடு முழுக்க அவருக்குச் சந்தை. பாண்டி வியாபாரிக்கோ காரைக்காலும், கேரளாவுக்கு நடுவே இருக்கும் மாஹேவும் 'உள்ளூர்'. பக்கத்திலேயே இருக்கும் கோட்டக்குப்பம் 'வெளிமாநிலம்'!

1 சதவீத வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தாலும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. அதற்கு முழு ஜிஎஸ்டி பதிவு வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் டெரகோட்டா போன்ற கைவினைப் பொருட்களை நேரடியாக வெளிமாநிலத்துக்கு விற்க சில விலக்குகள் இருக்கின்றன. இ-காமர்ஸ் தளம் வழியாக என்றால் விதி வேறு.

*அப்போ கியூஆர் கோடைக் கழட்டிடலாமா?*

வேண்டாம். பணமாக வாங்கினாலும் விற்பனை விற்பனைதான், வரம்பு மாறாது. தவிர, வங்கியில் கடன் கேட்கும்போது கைகொடுப்பது இந்த டிஜிட்டல் கணக்குதான். சாலையோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி கடன் திட்டத்திலும் டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு கேஷ்பேக் உண்டு.

*என்ன செய்யலாம்?*

* கடைக்கு என்று தனி வங்கிக் கணக்கு, தனி கியூஆர் வையுங்கள். கைமாற்றுப் பணமும், வீட்டிலிருந்து வரும் பணமும் விற்பனையோடு கலக்காது.
* கொள்முதல் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.
* மாதம் ஒருமுறை மொத்த விற்பனையைக் கூட்டிப் பாருங்கள். 20 லட்சத்தை நெருங்கினால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

வரம்பை 40 லட்சமாக உயர்த்துவது புதுச்சேரி அரசு ஜிஎஸ்டி கவுன்சில் வழியாகச் செய்ய வேண்டிய வேலை. அதுவரை பாண்டி வியாபாரிக்கு மனக்கணக்கு போதாது, நோட்டுக் கணக்கும் வேணும்.