ஃபைட்டர் மீன் சோர்ந்து கிடக்கிறதா? தண்ணீரை முதலில் பாருங்கள்!

மார்கழி மாதம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் கூடம். அலமாரியில் இருக்கும் கண்ணாடி ஜாடிக்குள் நீல நிற ஃபைட்டர் மீன் அடியில் படுத்துக் கிடக்கிறது. நேற்றுவரை விரல் பட்டாலே செவுளை விரித்துச் சண்டைக்கு வந்த மீன்.

"தாத்தா, ரெண்டு நாளா இவன் சாப்பிடவே இல்ல. செத்துப் போயிடுவானா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. பழைய தண்ணியைக் கொட்டிட்டுக் குழாய்த் தண்ணி புதுசா பிடிச்சு ஊத்து, சரியாயிடும்."

அன்போடு சொன்ன யோசனைதான். ஆனால், பல வீடுகளில் நோயுற்ற ஃபைட்டரின் உயிரைப் பறிப்பது இந்த யோசனைதான். ஏன் என்று பார்ப்போம்.

பனையேறியின் உறவுக்காரன்

ஃபைட்டர் மீன், அதாவது பெட்டா, தாய்லாந்தைச் சேர்ந்தது. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. செவுள் தவிர, காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு இதற்கு உண்டு. நம் காவிரிப் படுகையில் கிடைக்கும் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்பு இருக்கிறது. 1791-ல் தரங்கம்பாடி அருகே பனை மரத்தில் ஏறிக்கொண்டிருந்த பனையேறி ஒன்றைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.

காற்றைச் சுவாசிப்பதால்தான் ஃபைட்டர் சின்ன பாட்டிலிலும் தாக்குப்பிடிக்கிறது. தாக்குப்பிடிப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாக மாறும். சின்ன பாட்டிலில் அது வேகமாகச் சேர்ந்து செவுளை எரிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். ஒரு ஃபைட்டருக்குக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீராவது வேண்டும். 20 லிட்டர் என்றால் இன்னும் நல்லது.

குழாய்த் தண்ணீரில் என்ன ஆபத்து?

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் குழாயில் வருவது காவிரி, கொள்ளிடப் படுகைத் தண்ணீர். கிருமி நீக்கக் குளோரின் கலந்துதான் விநியோகம் ஆகிறது. நமக்குப் பாதுகாப்பான அந்தக் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு வெளியேறிவிடும். அவசரம் என்றால், மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கிச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம்.

முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றுவதும் தவறு. சூடும் தன்மையும் சட்டென்று மாறினால் சோர்ந்திருக்கும் மீன் அதிர்ச்சியிலேயே இறந்துபோகலாம். ஒரு முறைக்குக் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். நோய் நேரத்தில் அதைத் தினமும் செய்யலாம்.

மொபைல் டார்ச்சே போதும்

அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மீனைக் கவனியுங்கள்.

*உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்:* இது வெள்ளைப்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணியின் வேலை. மீன் கல்லிலும் செடியிலும் உடம்பைத் தேய்க்கும்.

*தங்கத் துகள் பூசியது போன்ற மினுமினுப்பு:* வெல்வெட் நோய். இதுவும் ஒட்டுண்ணிதான், வேகமாகக் கொல்லும். இந்த ஒட்டுண்ணிக்கு வெளிச்சம் உதவும் என்பதால், சிகிச்சை முடியும்வரை தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக வையுங்கள்.

*துடுப்பின் ஓரம் கறுத்து அல்லது சிவந்து, நாளுக்கு நாள் குறைவது:* துடுப்பு அழுகல். பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரே காரணம். ஒரே இரவில் சுத்தமாகக் கிழிந்திருந்தால், அது பிளாஸ்டிக் செடியில் மாட்டிக் கிழிந்ததாகவும் இருக்கலாம்.

*வயிறு உப்பி, சாய்ந்து நீந்துவது:* தீனி அதிகமாகிவிட்டது. ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுங்கள். ஃபைட்டரின் வயிறு அதன் கண் அளவுதான். ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று உருண்டை போதும்.

*மேலிருந்து பார்த்தால் செதில்கள் சிலிர்த்து நிற்பது:* உள்ளுறுப்புகள் செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது. இந்த நிலையில் பிழைப்பது அரிது. வீட்டாரின் தவறு என்று மனம் நோக வேண்டியதில்லை.

உப்பும் சூடும்

ஃபைட்டருக்கு ஏற்ற தண்ணீர் வெப்பம் 25 முதல் 28 டிகிரி. மார்கழி விடியலில் சின்ன ஜாடித் தண்ணீர் அதற்கும் கீழே குளிர்ந்து, மதியம் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் மீனைப் பலவீனமாக்கும். ஒட்டுண்ணிக்கு அது வசதி. சின்ன ஹீட்டர் ஒன்றைப் பொருத்தி, சூட்டை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். சித்திரை வெயிலில் இதற்கு நேரெதிர் கவலை. ஜன்னலோரத்திலோ ஃபிரிட்ஜ் மேலேயோ தொட்டி இருக்கக் கூடாது.

வெள்ளைப்புள்ளிக்கும் ஆரம்பநிலைத் துடுப்பு அழுகலுக்கும் அயோடின் சேர்க்காத கல் உப்பு கைகொடுக்கும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. 10 லிட்டர் தொட்டிக்கு 10 கிராம். தனியாகக் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்றினால் உப்பில்லாத தண்ணீரையே சேருங்கள். தண்ணீரை மாற்றும்போது, எடுத்த அளவுக்கு மட்டும் உப்புப் போடுங்கள். உயிர்ச்செடிகள் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீன் உடம்பில் ஒட்டியிருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் அழிக்க முடியும். அதனால் இன்னும் நான்கைந்து நாள் தொடருங்கள். குணமாகாவிட்டாலோ, வெல்வெட் நோய் என்றாலோ, கடையில் கேட்டு அதற்கான மருந்தை லேபிளில் உள்ள அளவில் மட்டும் விடுங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பிரித்துக் கொட்டவே கூடாது. நோய்க்கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும்; கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகும்.

குழந்தைகளுக்கு ஒரு விதி: தொட்டியில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரலில் காயம் இருந்தால் கை விடவே கூடாது. சில மீன் கிருமிகள் மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும். வளர்க்க முடியவில்லை என்று மீனைக் காவிரியில் விடுவதும் வேண்டாம். நோயும் ஆற்றுக்குப் போய்விடும்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அன்று பேத்தி டார்ச் அடித்துப் பார்த்தாள். வாலில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்.

"தாத்தா, இது தண்ணி மாத்துனா மட்டும் போகாது. உப்பு எடுத்துட்டு வாங்க."

தாத்தா சமையலறைக்குப் போனார். தராசைத் தேடி எடுத்துவந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உப்பை நிறுக்கத் தொடங்கினார்.

"எத்தனை கிராம்னு சொன்ன?"