சர்ஃப் லைனில் கை வைக்காதீங்க

சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும். பழைய நிசான் ஸ்கைலைன் ஒண்ணை வாங்கி, அகல டயர் போடுறதுக்காகப் பின்பக்க ஃபெண்டரை அறுக்கிறதை ரசனைன்னு என்னால ஒத்துக்க முடியலை.

விஷயம் புதுசா இருக்கிறவங்களுக்கு: 1968-ல வந்த சி10 ஸ்கைலைனுக்கு ஜப்பான்ல செல்லப்பேர் ஹகோசுகா. ஹகோன்னா பெட்டி, சுகா ஸ்கைலைனோட சுருக்கம். பேருக்கேத்த பெட்டிதான். ஆனா பின்சக்கரத்துக்கு மேல தகடுல ஒரு மடிப்பு நீளமா ஓடும் பாருங்க, அதுதான் சர்ஃப் லைன். அந்தப் பெட்டிக்குக் களை வர்றதே அந்த ஒரு கோட்டாலதான்.

"நிசானே அதை வெட்டிச்சே!"ன்னு உடனே கிளம்பி வருவாங்க. ஆமா, வெட்டிச்சு. 1969-ல ஜிடி-ஆர் செய்யறப்போ பின்சக்கர வளைவைப் பெருசாக்கினதுல கோடு பாதியில நின்னு போச்சு. ஆனா எதுக்கு? பந்தயத்துக்கு. 160 குதிரைத்திறன் எஸ்20 எஞ்சின், அதுக்கு ஏத்த ரேஸ் டயர், அந்த டயருக்கு இடம். நீங்க அறுக்கிறது சாதா 2000ஜிடி. தொடக்கத்துல அதோட எஞ்சின் சக்தியே 105 தான். அந்த சக்திக்கு எதுக்குங்க அவ்வளவு அகல டயர்? போட்டோவுக்குத்தானே? :-)

முன் ஃபெண்டர்னா நான் வாயே திறக்க மாட்டேன். அது போல்ட்ல நிக்குது. கழட்டிப் பரண்ல போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். பின்னாடி அப்படியில்லை, பாடியோட சேர்த்து வெல்டு பண்ணின தகடு. வெளித்தகடும் உள்பக்கச் சக்கரக்கூடும் சேர்ற விளிம்பை அறுத்துட்டா, ரெண்டையும் திரும்ப ஒழுங்கா வெல்டு பண்ணணும். பாதிப் பேர் அதைச் செய்யாம, மேல ஒரு ஃபைபர் ஃபிளேரை ஸ்க்ரூ போட்டு மூடிடறாங்க. சேறும் தண்ணியும் உள்ள போய் உக்காந்துக்கும். துரு வெளியில தெரியறதுக்குள்ள தகடு அப்பளமாகியிருக்கும்.

"என் காசு, என் வண்டி"ன்னு ஒரு வாதம். சரிங்க, காசுக் கணக்கே பேசுவோம். நான் படிக்கிறது பி.காம், இது எனக்கு வசதி. ஒரிஜினல் ஜிடி-ஆர் கொஞ்சம்தான் செஞ்சாங்க, அதனாலதான் அந்த விலை. அதைப் பார்த்து ஆளாளுக்கு சாதா ஸ்கைலைனை அறுத்து ஜிடி-ஆர் வேஷம் போட்டா, வேஷம் போட்டது எங்கும் கிடைக்கும், முழுக்கோடோட இருக்கிறது அருகிப்போகும். ஜிடி-ஆர் விலையும் கிடைக்காது, அறுக்காத வண்டிங்கிற மதிப்பும் போச்சு. இதுக்கு எந்தப் பேரேட்டுல வரவு வைப்பீங்க?

டயர் கொஞ்சம் அகலமா வேணும்னா வழி இல்லாம இல்லை. ஆஃப்செட் பார்த்து வீல் எடுத்தா டயர் உள்பக்கமாத் தள்ளி உக்காரும். அப்பவும் உரசுதா, விளிம்பைச் சூடு காட்டி நிதானமா உள்ளே மடிக்கலாம். அதுக்கும் அடங்காத டயர்னா ஒரு சைஸ் குறைச்சு வாங்குங்க. டயர் எப்படியும் சில வருஷத்துல தேஞ்சு குப்பைக்குப் போகப்போற சாமான்.