பெர்த்தாம் ஆற்றங்கரையில் யாருக்கு நிலம்?

கேமரன் மலை பகாங்கின் வடமேற்கு ஓரம். மேற்கே பேராக், வடக்கே கிளந்தான். தித்திவங்சா மலைமுகடுதான் பேராக்குக்கும் பகாங்குக்கும் எல்லை. கிழக்கே இறங்கும் மழைநீர் பெர்த்தாம், தெலோம் ஆறுகளில் ஓடி, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து, தென்சீனக் கடலைச் சேர வேண்டும். 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்த பிறகு இந்தக் கணக்கு மாறியது. தெலோம் நீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பினார்கள். பிறகு மலையைக் குடைந்து, பேராக் பக்கம் ஜோரில் நிலத்தடியில் உள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். இந்த மலையின் பகாங் பக்கத்தில் பெய்யும் மழையில் ஒரு பங்கு இன்று மலாக்கா நீரிணைக்குப் போகிறது.

சாலையும் எல்லையை மதிக்கவில்லை. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் குறித்து வைத்த மேட்டுநிலத்துக்குப் பேராக்கின் தாப்பாவிலிருந்துதான் முதல் சாலை வந்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு ஆளும் அரிசியும் ஏறியதும், பின்னாளில் காய்கறி லோரிகள் இறங்கியதும் அந்த வளைவுகளில்தான். மலையைச் சொந்த மாநிலத்தின் லிப்பிஸ் பகுதியோடு இணைக்கும் சுங்கை கோயான் சாலை இந்த நூற்றாண்டில்தான் வந்தது. பகாங்குக்கு வரி, பேராக்குக்கு வழி என்றே நெடுங்காலம் ஓடியது.

மாநில எல்லை இப்படி நீருக்கும் சரக்குக்கும் வழிவிட்டது. இந்த மலையில் யாருக்கும் வழிவிடாத எல்லை ஒன்று உண்டு: நிலப் பத்திரம். தமிழர், சீனர், மலாய்க்காரர், செமாய் என்று இனவாரியாக இந்த மலையை விவரிப்பது நம் வழக்கம். யார் கையில் என்ன தாள் இருக்கிறது என்று பார்த்தால் வேறு படம் தெரியும்.

தோட்ட நிறுவனங்களுக்கு நீண்டகால உரிமை இருக்கிறது. காய்கறி விவசாயிகளில், சீனரானாலும் இந்தியரானாலும், பலரிடம் நெடுங்காலம் இருந்தது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம் மட்டுமே. அடுத்த ஆண்டு நிலம் நிலைக்குமா என்று தெரியாதவர் சரிவில் கல் அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டுவாரா? மண் ஆற்றில் இறங்குவதற்குப் பேராசையை மட்டும் குறை சொல்வது சோம்பேறித்தனமான விளக்கம். எல்லாருக்கும் முன்பே இங்கிருந்த செமாய் மக்களிடமோ பெரும்பாலும் தாளே இல்லை. பூர்வக்குடியினரின் மரபு நில உரிமையைச் சாகோங் தாசி வழக்கில் 2002இல் நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் ஒவ்வொரு கிராமமும் தன் உரிமையைத் தனியாக நிரூபிக்க வேண்டிய நிலைதான்.

தோட்டத் தமிழருக்கு வேலைதான் வீட்டுப் பத்திரம். பிரட்டு எனும் வருகைப் பதிவில் பெயர் இருக்கும்வரை லயத்து வீட்டின் கதவு திறக்கும். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து ஆட்களைத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பிய அதே 1930களில்தான் இங்கே தேயிலை வேர்பிடித்தது. 1938இல் தொழிலாளரை அனுப்பும் முறைக்கு இந்தியா தடை போட்டது. மலையில் தங்கிய குடும்பங்கள் கோயில் கட்டின, தமிழ்ப் பள்ளி கேட்டு வாங்கின. வீட்டுமனை மட்டும் கைக்கு வரவில்லை. இன்று பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட, கொழுந்து வெட்டும் வேலைக்கு வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் தாள் வேலை பெர்மிட். அதற்கும் காலக்கெடு உண்டு.

இந்த ஏற்றத்தாழ்வை ஆறு ஒருமுறை வெளிச்சமாகக் காட்டியது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் நிரம்பிய அணையைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மேலே தோட்டங்களிலிருந்து அடித்து வந்த மண், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப் பல ஆண்டுகளாகத் தின்றிருந்தது. ஆற்றை ஒட்டி ஏன் வீடு கட்டினார்கள் என்று அப்போது சிலர் கேட்டார்கள். மேட்டில் இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

அரசியலில் ஓர் அசைவு உண்டு. 2004 முதல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா) வேட்பாளர்களே வென்றுவந்த கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில், 2018 தேர்தல் முடிவு செல்லாது என்று தீர்ப்பாகி, 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி (தீபகற்பப் பூர்வக்குடி) உறுப்பினர் அவர். தொகுதி தமிழர் கைவிட்டுப் போனதென்று நம்மில் சிலர் வருந்தினார்கள். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநில அதிகாரம். செமாய் கிராமத்துக்கு எல்லை அளப்பதும், விவசாயிக்கு நீண்டகாலக் குத்தகை தருவதும், ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மனை ஒதுக்குவதும் குவாந்தானில் ஒரே மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. இந்த மூன்று கோரிக்கைகளும் தனித்தனி மனுக்களாக நிற்க வேண்டியதில்லை. அவற்றை ஒரே மனுவாக எழுத இந்த மலையில் ஒரு பொது அமைப்பு வேண்டும்; தோட்டத் தமிழர் அதைத் தொடங்கலாம்.