ஆறாப்புண்ணும் முன்ஜன்ம வினையும்

காலில் புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமலிருந்தால், நம் மக்கள் அதை "முன்ஜன்ம வினை" என்று சொல்லி விபூதி பூசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வினை சர்க்கரை வியாதிக்காரன் காலையே தேடிப்பிடித்து வருவானேன் என்று நாம் கேட்கிறோம்.

சர்க்கரை மிகுந்தால் நரம்பு மரத்துப்போகிறது. முள் தைத்தாலும் தெரிவதில்லை. ரத்தவோட்டம் குறைந்து புண் புரையோடுகிறது. குஷ்டத்திலும் நரம்பு மரத்தே புண் வருகிறது. அதன் கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்தார். வினைக்கதை அன்றே ஒழிந்திருக்க வேண்டாமா?

2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்படி நர்சுகள் வீடு தேடி வருகிறார்கள். வல்லம் ஒன்றியத்துக் குடிசையானாலும், திண்டிவனத்து மாடிவீடானாலும், ஜாதி கேளாமல் சீழ்ப்பிடித்த காலைத் தொட்டுக் கழுவிக் கட்டுவதே அவர்கள் வேலை. காலில் பிறந்தவன் சூத்திரன், ஆகவே கீழானவன் என்று எழுதிவைத்த சாஸ்திரக்காரர்கள் யாருடைய புண்ணைக் கழுவினார்கள்?

ஊர்த்தெருவில் செருப்புப் போடாதே என்று ஒரு கூட்டத்தாரைத் தடுத்த ஜாதித்திமிரும் பல கால்களைப் புண்ணாக்கியதேயாகும்.

ஆகவே தோழர்களே! புண்ணை ஒளிக்காதீர்கள். தினமும் பாதத்தைப் பாருங்கள். உண்டியலில் போடும் காசுக்குச் செருப்பு வாங்குங்கள். சர்க்காரும் இப்பெண்களுக்குப் புகழ்மாலை சூட்டினால் போதாது. நிரந்தர வேலையும் தக்க சம்பளமும் கொடுக்க வேண்டும். புகழ்மாலை பஸ் சார்ஜுக்குக்கூட ஆகாது.